காலிஞ்சு அக்கா சத்தம் போட்டு ஓட்டிய கார்

“கொஞ்சம்னா எவ்ளோ? யாராவது சொல்லித் தொலைங்களேன்!”

காலிஞ்சு வாயைத் திறந்தால் முதலில் வருவது இதுதான். அம்மா அடுப்படியிலிருந்து, “உப்பு கொஞ்சம் போட்டு எறக்கிடு” என்றால், இவள் உப்பு ஜாடியும் கையுமாக நின்று கேட்பாள். அண்ணன் போனில் “கொஞ்ச நேரத்துல வந்துடுவேன்” என்றால் அவனையும் கேட்பாள். ஒருமுறை முடிவெட்டும் கடையில் “கொஞ்சமா எடுத்து விடவா?” என்று கேட்டிருக்கிறார்கள். எவ்வளவு என்று இவள் கேட்க, அந்தப் பெண் சிரித்துக்கொண்டே “கொஞ்சந்தான்கா” என்று சொல்ல, ஒரு பக்கம் நீளமும் ஒரு பக்கம் குட்டையுமாகக் காலிஞ்சு எழுந்து வந்துவிட்டாள்.

காலிஞ்சு என்பது அவள் வேலை பார்க்கும் இடத்தில் வைத்த பெயர். பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சீருடை தைக்கிற கம்பெனி அது. அதில் துணி வெட்டும் பெரிய மேஜை அவளுடையது. வந்த புதிதில், தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தியிடம் போய், “இந்தக் காலர் காலிஞ்சு கோணல். பிரிச்சுடு” என்றாள். அடுத்த நாள் இன்னொருத்தியிடம். அதற்கடுத்த நாள் மாஸ்டரிடமே. அன்று சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. சின்னப் பெண்கள் மரியாதைக்கு ஓர் ‘அக்கா’ சேர்த்துக்கொண்டார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்திருந்தது. அளவு சரியாகத் தெரிகிற பெயர் என்பாள்.

முப்பது தாண்டிய பிறகுதான் ஒரு டாக்டர் அவளிடம் உட்கார்ந்து பேசி, “உங்களுக்கு ஆட்டிசம் இருக்கு” என்று சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்ததும் மூக்கைச் சிந்தி, “பேரு வச்சுட்டா சரியாயிடுமா?” என்றாள்.

“சரியாகணும்னு யாரும்மா சொன்னா? இத்தன வருஷமா பேர் தெரியாம இருந்துச்சு, இப்போ தெரிஞ்சுடுச்சு. அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டுக் காலிஞ்சு சாப்பிடப் போய்விட்டாள்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த நாளில் கம்பெனிக் கட்டடத்தை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. கம்பெனி ஊருக்கு வெளியே, பெரிய சாலையைத் தாண்டி இடம் மாறுகிறது. ஆட்களை அழைத்துப் போக கம்பெனி பஸ் வரும். எல்லாருக்கும் சந்தோஷம். காலிஞ்சு மட்டும், “பஸ்ல எத்தன பேரு ஏறுவாங்க?” என்று கேட்டாள்.

பஸ் வெள்ளோட்டம் விட்ட அன்று அவளும் ஏறினாள். மேலே ஸ்பீக்கரில் பாட்டு. பின்சீட்டில் பாட்டுக்கு மேல் பாட்டு. பக்கத்தில் இருந்தவளின் வாசனைத் தைலம். ஜன்னல் கண்ணாடி வேறு கடகடவென்று பல்லைக் கடித்தது. பாதி வழியில் காலிஞ்சு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “நிறுத்துங்க! நிறுத்துங்க!” என்று கத்தி, நடுச்சாலையோரம் இறங்கி உட்கார்ந்துவிட்டாள். அண்ணன்தான் காரில் போய்க் கூட்டி வந்தான்.

“தினம் என்னால வர முடியாதும்மா. எனக்கும் வேலை இருக்கு” என்று அண்ணன் சொன்னான். பிறகு இவள் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்கிற குரலை எடுத்துக்கொண்டான். “பேசாம வீட்லயே ஒரு மெஷின் போட்டுக்க. கிழிஞ்சது, பிஞ்சது ஏதாவது வரும். நீயும் நிம்மதியா இருக்கலாம்.”

“என் மேஜை இருபதடி நீளம். வீட்ல எங்க போடுவ?”

“மேஜை எதுக்கு? மெஷின் போதுமே?”

“நான் தைக்கிறவ இல்லண்ணா, வெட்டுறவ.” சொல்லிவிட்டு நகத்தைக் கடித்தாள். பிறகு, “நான் கார் கத்துக்கிறேன்” என்றாள்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. ஆனால் காலிஞ்சு வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. புது இடத்துக்குப் போய்ச் சேர வழி இல்லையென்றால் அந்த மேஜையில் வேறொருவர் நிற்பார். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் கால் நன்றாகப் பாவி நின்ற இடம் அது ஒன்றுதான்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்கு வாய்த்தது அவளைவிடப் பத்து வயது இளைய பெண். பக்கத்து சீட்டில் அவள் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. கால் அதை விட்டு இறங்கியதே இல்லை என்பதால் மாணவர்கள் ‘பிரேக் மேடம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கு ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி நிற்காத வாய்.

“கிளட்ச்ச அப்டியே கொஞ்சமா விடுங்கக்கா, கொஞ்சமா, இன்னும் கொஞ்சம், ஆங், ஸ்டியரிங் கொஞ்சம் ஒடிங்க, ஐயோ அவ்ளோ இல்ல, கொஞ்சம்!”

காலிஞ்சு காரை நிறுத்திவிட்டாள். எஞ்சினையும் அணைத்துவிட்டாள்.

“கொஞ்சம்னா எவ்ளோ?”

“கொஞ்சம்னா... கொஞ்சம்தான்கா.”

“அரை இஞ்சா? காலிஞ்சா? இஞ்சுல சொல்லுங்க மேடம். கால் கேக்கும்.”

பிரேக் மேடம் மூக்கின் மேல் விரலை வைத்தாள். ஆனால் நல்ல பெண். அன்றிலிருந்து “கிளட்ச் அரை இஞ்சு” என்று சொல்லப் பழகிக்கொண்டாள். கார் விக்காமல் நகர்ந்தது. மைதானத்தில் வட்டமடிப்பதும், இரண்டு கம்பத்துக்கு நடுவில் பின்பக்கமாக வந்து நிறுத்துவதும் இரண்டே வாரத்தில் வந்துவிட்டன. துணி மேல் பேட்டர்ன் அட்டையை வைப்பதுபோல் கச்சிதமாகக் கொண்டு வைத்தாள்.

சிக்கல் தெருவில் இறங்கிய பிறகுதான். மற்றவர்கள் கண் தேவையானதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடும். காலிஞ்சு கண்ணுக்குத் தள்ளத் தெரியாது. கடைப் பலகை, அதில் உதிர்ந்த எழுத்து, மாடியில் காயும் போர்வை, குறுக்கே ஓடும் நாய், நாயின் காது, எல்லாம் ஒரே உயரத்தில் வந்து முட்டும். ஒருநாள் கோடு போட்ட சட்டை அணிந்த ஒருவர் நடைபாதையில் போனார். சட்டைக் கோடும் பாக்கெட் கோடும் பொருந்தவில்லை. எந்தப் புண்ணியவான் வெட்டியதோ! காலிஞ்சு அந்தப் பாக்கெட்டையே பார்த்தபடி போக, காரும் பாக்கெட்டை நோக்கியே போயிற்று. பிரேக் மேடம் இரண்டு காலாலும் மிதித்தாள். சட்டைக்காரர் குதித்துக் கடைக்குள் ஓடினார்.

“அக்கா! என்னக்கா பாத்தீங்க?”

“பாக்கெட் ஒட்டல மேடம்.”

“உயிரே போயிருக்கும், பாக்கெட்டாம்!”

மறுநாள் காலிஞ்சு வேலைக்குப் போனாள். அடுக்கடுக்காக விரித்த துணியின் மேல் மின்சாரக் கத்தியை வைத்தாள். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கத்தியைப் போடுவதற்கு முன் வெட்டுபவர் “கை!” என்று சத்தம் கொடுக்க வேண்டும். மேஜையைச் சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கையைத் தூக்கி, “இல்ல!” என்று பதில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் கத்தி ஓடும். ஓடும்போதும் “வளைவு”, “முனை”, “திருப்பம்” என்று சொல்லிக்கொண்டே போவார்கள். வேறு கம்பெனியிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். காலிஞ்சுக்கு அது மூச்சு மாதிரி.

“கை!” என்றாள் அன்றைக்கும். “இல்ல!” என்றார்கள். காலிஞ்சு கத்தியைப் போடவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்தபடி நின்றாள். இந்த மேஜையைச் சுற்றியும்தான் ஆயிரம் இருக்கிறது. நூல் கண்டு, டீ டம்ளர், பெண்களின் தோடு, யாரோ பாடும் பாட்டு. ஒன்றும் அவளை முட்டியதில்லை. வாய் எதைச் சொல்கிறதோ கண் அங்கே மட்டும் போகிறது.

“என்னக்கா, கை வலிக்குது, எறக்கலாமா?” என்று ஒருத்தி கேட்ட பிறகுதான் கத்தி ஓடியது.

சாயங்காலம் காரில் ஏறியதும் பிரேக் மேடத்திடம் சொல்லிவிட்டாள். “இன்னைக்கு நான் பேசுவேன். நீங்க பேசக் கூடாது.”

“நான் பேசாமலா? எங்கம்மா கேட்டா நம்பவே மாட்டாங்க.”

“கண்ணாடி!” என்று ஆரம்பித்தாள் காலிஞ்சு. “பின்னால ஸ்கூட்டர். முன்னால சந்து. சந்துல யாரும் இல்ல. சைக்கிள் ஒண்ணு. சைக்கிள் திரும்புது. வேகம் குறை. சைக்கிள் போயாச்சு.” நாயின் காது வந்து முட்டவில்லை. போர்வை வரவில்லை. எதிரில் கட்டம் போட்ட சட்டை ஒன்று வந்தது. “ஆள்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பிரேக் மேடம் வாழ்க்கையில் முதல்தடவையாகக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்து, சீட்டின் மேல் மடக்கி உட்கார்ந்துகொண்டாள்.

தேர்வு நாள் வந்தது. தேர்வெடுக்கும் அதிகாரி தடித்த கண்ணாடி போட்டவர். பஸ் நிலையத்து ஒலிபெருக்கிக்குச் சட்டை மாட்டிவிட்டது போன்ற குரல். ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது.

“வண்டியை. எடுக்கவும்.”

“கண்ணாடி! பின்னால யாரும் இல்ல. முன்னால...”

“பேச. வேண்டாம். ஓட்டவும்.”

காலிஞ்சு வாயை மூடினாள். அவ்வளவுதான், தெரு முழுக்க உள்ளே புகுந்துவிட்டது. பலகை, போர்வை, அதிகாரியின் பேனா மூடி, சட்டைப் பொத்தானில் தொங்கிய நூல். பச்சை விளக்கில் நின்றாள். பின்னால் ஹாரன் அலற, அப்படியே உறைந்து போனாள். அதிகாரியே கை நீட்டி எஞ்சினை அணைத்தார்.

“தோல்வி” என்றார். அதிலும் ஏற்ற இறக்கம் இல்லை.

வீட்டில் அண்ணன், “நான்தான் சொன்னேனே. உன்ன யாரு குத்தம் சொன்னா? எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா” என்றான். அதட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கம்பெனி அதற்குள் இடம் மாறிவிட்டது. இந்த மாதம் முடியும்வரை பார்ப்பதாகவும், அதுவரை மேஜையில் வேறு ஆள் நிற்பதாகவும் மாஸ்டர் போன் செய்தார். “பையன் நல்லாத்தான் வெட்டுறான். என்ன, சத்தம் கொடுக்க மாட்டேங்கறான். நேத்து ஒரு பொண்ணோட விரல் தப்பிச்சதே பெரிசு. சீக்கிரம் வா தாயி.”

காலிஞ்சு மறுபடி தேர்வுக்குப் பணம் கட்டினாள். போன தடவை பார்த்த அதே கண்ணாடி, அதே ஒலிபெருக்கி. இந்த முறை அவள் சாவியில் கை வைக்கவில்லை.

“சார், எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்கு ஆட்டிசம். பாக்கறத வாயால சொன்னாத்தான் என் மண்டை எடுத்துக்கும். போன தடவை பேச வேண்டாம்னீங்க. பேசல. அதனாலதான் நின்னேன். ஓட்டும்போது பேசக் கூடாதுன்னு சட்டத்துல இருக்கா?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

“சட்டத்தில். அப்படி. இல்லை.”

“அப்ப பேசலாமா?”

“என்னிடம். கேள்வி. கேட்கக் கூடாது.”

“உங்ககிட்ட பேசப் போறதில்ல சார். ரோட்டுகிட்ட.”

கார் நகர்ந்தது. “கண்ணாடி. பின்னால வெள்ளை வேன். வேன் தூரம். முன்னால பள்ளம். பள்ளத்துக்கு ரெண்டாவது கியர். பள்ளம் தாண்டியாச்சு. விளக்கு சிவப்பு. நிக்குது. விளக்கு பச்சை. நடக்கிறவங்க ரெண்டு பேர், போயாச்சு. போறோம்.” கடைத்தெருவின் நெரிசலில் தள்ளுவண்டிக்கும் லாரிக்கும் நடுவே நூல் கோத்தது மாதிரி நுழைந்து வெளியே வந்தாள். “தள்ளுவண்டி. லாரி. லாரி கதவு தொறக்குது. நிறுத்து. ஆள் எறங்கியாச்சு. கதவு சாத்தியாச்சு.”

பாதி வழியில் பக்கத்திலிருந்து, “நாய்!” என்று ஒரு குரல். ஏற்றத்தோடு, இறக்கத்தோடு.

காலிஞ்சு வேகத்தைக் குறைத்தபடி, “பாத்தாச்சு சார். நீங்க பேசாதீங்க, கவனம் செதறும்” என்றாள்.

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அடுத்த திருப்பத்தில் அவர் உதடு ‘சைக்கிள்’ என்று அசைந்ததை, கண்ணாடி பார்க்கிற சாக்கில் காலிஞ்சு பார்த்துவிட்டாள்.

தேர்வு மைதானத்துக்குத் திரும்பி வந்ததும் “தேர்ச்சி” என்று அவர் சொன்னபோது பிரேக் மேடம் மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்து போட்ட கூச்சலில், வரிசையில் நின்ற மற்ற மாணவர்கள் பாதிப் பேருக்கு எஞ்சின் நின்றுபோனது.

சேமிப்பில் கை வைத்து ஒரு பழைய குட்டிக் கார் வாங்கினாள். முதல்நாள் வேலைக்குக் கிளம்பும்போது, ‘துணைக்கு’ என்று சொல்லிக்கொண்டு அண்ணன் ஏறினான். உண்மையில் பயம். ஜன்னலுக்கு மேலே இருந்த பிடியை இறுக்கிப் பிடித்திருந்தான். இல்லாத பிரேக்கை வழி நெடுக மிதித்துக்கொண்டே வந்தான்.

“கண்ணாடி. பின்னால பஸ். பஸ்ஸுக்கு வழி. பஸ் போயாச்சு.”

“அத எதுக்கு ஊருக்கே சொல்ற? ஜன்னலையாவது ஏத்து.”

“சுங்கம். வரிசை ரெண்டு. நம்ம வரிசை.”

சுங்கச் சாவடியில் கையை நீட்டிய பெண் இவள் பேசுவதைக் கேட்டுக் கிளுக்கென்று சிரித்தாள். அண்ணன் சீட்டுக்குள் இன்னும் ஒரு சாண் இறங்கினான். பெரிய சாலை வந்தது. லாரிகள் இரண்டு பக்கமும் இரைந்து போக, குட்டிக் கார் அதன் கோட்டுக்குள் அசையாமல் போயிற்று. கம்பெனி வாசல் வந்தது. காவலாளி கம்பியைத் தூக்கினார். உள்ளேயிருந்து மாஸ்டரும் நாலைந்து பெண்களும் ஓடி வந்து, கார் நிற்பதற்குள், “காலிஞ்சு அக்கா!” என்று கூவினார்கள்.

காலிஞ்சு நிறுத்தினாள். கைப்பிரேக்கைப் போட்டாள். தரையில் போட்ட இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கும் நடுவில் சக்கரம் நிற்கிறதா என்று கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். பிறகுதான் மூச்சு விட்டாள். அந்தப் பெண்களுக்குக் கையை ஆட்டிக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினாள். அவன் நெற்றி வேர்த்திருந்தது. முகத்தில் ஒரு பெருமையும் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வாய் வரவில்லை.

“நல்லாத்தான் ஓட்டுற, இல்லன்னு சொல்லல” என்றான். “ஆனா இப்படி ஓயாம தனியா பேசிட்டே போறியே, பாக்கறவங்க உன்னப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“நெனைக்கட்டும்ணா. அவங்க என்னப் பத்தி நெனைக்கட்டும், நான் ரோட்டப் பத்தி நெனைக்கிறேன், அவங்கவங்க வேலைய அவங்கவங்க பாப்போம். நீ இப்போ எறங்கு, எனக்கு மேஜைக்கு நேரமாச்சு. கதவ படார்னு அடிக்காத, இது என் கார்.”