பேர் சொல்லிக் கூப்பிட்ட பாவம்

அற்புதமலருக்கு அந்தப் படம் தலைகீழ்ப் பாடம். இத்தாலியில், பலெர்மோவில் அவள் வீட்டோடு பராமரிக்கும் கிழவிக்கு, அவள் வாயில் சிஞ்ஞோராவுக்கு, எண்பத்தாறு வயது. மத்தியானச் சாப்பாடு முடிந்தால் அதே டிவிடிதான்.

மேடை நாடகமொன்றை ஹொலிவுட்காரர் அந்தக் காலத்தில் கறுப்பு வெள்ளையில் எடுத்த பகிடிப் படம். இத்தாலியக் குரல் போட்டிருக்கிறார்கள். விவாகரத்தான புருசனும் பெண்சாதியும் வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்வார்கள். அவள் அவனைப் பேர் சொல்லிக் கத்துவாள், அவன் சிரிப்பான். கடைசியில் திரும்பவும் மோதிரம். சின்ன வயதில் பள்ளிக்கூட மேடையில் அந்தப் பெண்சாதி வேசம் போட்டவர் சிஞ்ஞோரா. நடிகைக்கு முந்தி வசனத்தைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

அற்புதமலருக்குச் சிரிப்பு வராது. அவளும் ஒருநாள் புருசனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவள்தான். மூன்று வருடத்துக்கு முன்னம், நத்தார் ஒளிவிழா அன்று, கோயில் மண்டபத்தில், மன்னார் ஆட்கள் அத்தனை பேரும் கேக் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில். பெர்மெஸ்ஸோவை, அதுதான் வதிவிட அனுமதியை, புதுப்பிக்கும் திகதியை அவன் மறந்துபோன கோபம். இருபத்திரண்டு வருடம் ‘இஞ்சாருங்கோ’ என்று கூப்பிட்ட வாய், “விமலராஜ், உமக்கு மூளை இருக்கோ?” என்று கேட்டுவிட்டது.

அவன் கேக் தட்டை மெதுவாக மேசையில் வைத்தான். அடுத்த கிழமை நகரத்தின் ஓரத்துக் கடற்கரையான ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் உணவகமொன்றுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டான். பேர் சொன்னதற்கு இவ்வளவா என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். ஞாயிறு பூசையில் ஆண்கள் பக்கம் அவன் முதுகு மட்டும் தெரியும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் கிழமை முழுக்க உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் நீ ஏன் சிரிக்கிறாயில்லை?” என்று சிஞ்ஞோரா ஒருநாள் கேட்டார். அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

சிஞ்ஞோரா படத்தை நிறுத்தினார். “இதில் முதலில் போய்க் கதவைத் தட்டுகிறது யார்?”

“பெண்சாதி.”

“பிறகென்ன?”

வியாழன் பின்னேரம் அவளுக்கு ஓய்வு. பஸ் ஏறினாள். உணவகத்தின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே அவன் மட்டி கழுவிக்கொண்டு நின்றான். அதே முதுகு.

“இஞ்சாருங்கோ.”

அவன் கை நின்றது. குழாய்த் தண்ணீர் தன்பாட்டில் ஓடியது.

“இஞ்சை எல்லாருக்கும் நான் ராஜ்,” என்றான் திரும்பாமலே. “அப்பிடியே இன்னொருக்கால் கூப்பிடும்.”