முட்டிவலிக்கு மாமனார் ஊர் ஆகாது

நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு மருந்து தெரிந்தால் மட்டும் போதாது, பத்தியம் சொல்லவும் தெரியணும். திண்டிவனத்தில் நாற்பது வருஷமாக எனக்கு இதே பொழப்பு. என்னைப் போல் கடைக்குள் நின்று அவதிப்படுகிறவர்களே, பாதியாவது நம்புங்கள்.

கசப்பு பத்தலை

கண்டாச்சிபுரத்து ஏழுமலை, நிலவேம்புப் பொடியை நாக்கில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அடித்தட்டு டப்பாவைத் திறந்தேன். திறந்த வேகத்தில் பக்கத்துக் கடை டீ கசந்துபோய், மாஸ்டர் சண்டைக்கு வந்துவிட்டார். ஏழுமலைக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, முகத்தில் அப்படி ஒரு திருப்தி!

"டாக்டர் மாத்திரை உள்ள போறதே தெரியலங்க. காசு குடுக்கிறோம், கஷ்டம் தெரிய வேணாவா?"

புளி மட்டும்தானா?

அடுத்த மாதம் முட்டிவலி என்று வந்தார். முடக்கத்தான் பொடி கொடுத்து, புளி ஆகாது என்றேன். போகாமல் நின்றார். முகையூரில் மாமனார் கட்டிய புதுவீட்டுக்கு வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்களாம். போனால் பந்தல் போடுவதிலிருந்து பாத்திரம் கழுவுவது வரை மாப்பிள்ளை தலையில்தான். 'முகையூர்க் காற்று ஆகாது' என்று சீட்டு எழுதினேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"இதுக்குத்தாங்க நாட்டு மருந்து. இங்கிலீஷ் டாக்டர் இதெல்லாம் எழுதுவாரா?"

இடுப்புவலி

மறுநாள் ஒரு அம்மா சுக்கு வாங்கிவிட்டு, அடுப்பு அனல் ஆகாது என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்த பிறகுதான் எந்த ஊர் என்று கேட்டேன். கண்டாச்சிபுரமாம்!

"முட்டிவலின்னு எங்க வூட்டுக்காரரு முகையூருக்கு வரமாட்டாராம். கட்டில்ல படுத்துகினு நாலு வேளை தின்னுவாராம். இனிமே அவரே ஆக்கட்டும்!"

வியாழக்கிழமை

முகையூர்ப் பெரியவரே வந்துவிட்டார். சீட்டு எழுதியவன் நான் என்பது அவருக்குத் தெரியாது. பத்தியத்தை முறிக்க மருந்து கேட்டார். "மாப்பிள வரலன்னா ஊரே சிரிக்கும். பொண்ணு அடுப்புகிட்டயே போவக்கூடாதாம். பாலை யாரு காய்ச்சுறது?" துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கற்கண்டு மடித்து, 'இருவரும் சேர்ந்து சாப்பிட்டால் பழைய பத்தியமெல்லாம் ரத்து' என்று எழுதித் தந்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஏழுமலை போன் செய்தார்.

"பால் நல்லா பொங்கிச்சுங்க. ஆனா மூணு சீட்டையும் மாமனாரு ஒண்ணா வச்சுப் பாத்துட்டாரு, மூணும் ஒரே கையெழுத்து. பந்தக்கால புடுங்கிக்கினு அங்கதான் வர்றாரு, ஜல்தி ஷட்டர இறக்குங்க!"

நாட்டு மருந்துக்குப் பக்க விளைவே கிடையாது என்று நம்பித்தான் ஜனங்கள் நம்மிடம் வருகிறார்கள். இறக்கிய ஷட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து அன்றைக்கு நானும் அதை நம்பப் பார்த்தேன்.