அக்காவின் படத்துக்கு அடியில் வேறு பெயர்

கராடியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்து அப்போது இரண்டாவது வருடம். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி, நகரத்தின் மறுகோடியில் தாபோடியில் இருந்த அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். அத்தான் மத்திய அரசுத் தொழிற்சாலை ஊழியர். ஆலைக் குடியிருப்பின் இரண்டாவது மாடியில் வீடு. அக்கா பத்தாவதோடு நின்றவள். அதை ஒருநாளும் அவள் மறந்ததில்லை.

அந்த வருடம் செய்தித்தாளோடு ஒரு நோட்டீஸ் வந்தது. வீட்டிலிருந்தே இணையத்தில் வியாபாரம் செய்யக் கற்றுத்தருவதாகப் போட்டிருந்தது. சொல்லித்தருபவர் தன் பெயருக்கு முன்னால் தானே 'குரு' என்று போட்டுக்கொண்டிருந்தார். முதல் கூட்டம் இலவசம். "நீயும் வாடீ, இங்கிலீஷ்ல ஏதாவது சொன்னா எனக்குச் சொல்லு" என்று அக்கா கூப்பிட்டாள்.

ஸ்டேஷன் பக்கத்து ஓட்டல் ஒன்றின் கூடத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் பெண்கள். அவர் கோட்டு போட்டுக்கொண்டு, இந்தியும் ஆங்கிலமும் கலந்து பேசினார். விற்பதற்குப் பொருளே வேண்டாம், நம்பிக்கை போதும் என்றார். அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டாள். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, "இந்த வகுப்பைத் தவிர இணையத்தில் வேறு எதை விற்றிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் இப்படி ஒருவர் இருப்பார். பத்து வருடம் கழித்தும் யாரிடமாவது சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பார்." எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். பிறகு, "உனக்கு எல்லாம் தெரியும். எனக்குன்னு ஒண்ணு வர்றப்பதான் உனக்குக் கேள்வி வருது" என்றாள்.

அடுத்த வாரமே பணம் கட்டிச் சேர்ந்தாள். ஆறு வகுப்புகள். கடைசி நாளில் எல்லோர் கையிலும் பூங்கொத்தைக் கொடுத்துப் படம் எடுத்தார்களாம். எப்படிப் போகிறது என்று கேட்டால், "நல்லாப் போகுது" என்பாள். அவளுக்கென்று போட்டுத்தருவதாகச் சொன்ன இணையதளம் வரவே இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மேலே கேட்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று அவளாகவே வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். இதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிறன்று எதிர்வீட்டு அம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டார். மராட்டிக்காரர், கணவரை இழந்தவர். புடவைகளுக்கு ஃபால்ஸ் தைத்து மகளைப் படிக்கவைத்தவர். அந்தக் குருவின் இணையதளத்தை நெட் சென்டரில் மகள் பார்த்து அச்செடுத்து வந்த காகிதம் ஒன்றைக் காட்டினார். "பார், உன் அக்கா எவ்வளவு பெரிய ஆளாகிவிட்டாள்" என்றார் இந்தியில்.

பூங்கொத்தோடு அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு அடியில் வேறு ஒரு பெண்ணின் பெயர், இந்தூர் என்று ஊர். என் கணவரைவிட நான் அதிகம் சம்பாதிக்கிறேன் என்று அவள் சொல்வதாக ஒரு வரி.

"பெயர் வேறாக இருக்கிறதே?"

"பாதுகாப்புக்காக மாற்றிப் போடுவார்களாமே. உன் அக்காதான் சொன்னாள். நானும் போன வாரம் சேர்ந்துவிட்டேன். மகள் கல்லூரிக்கு வைத்திருந்ததைக் கட்டியிருக்கிறேன்."

அக்கா சமையலறையில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நான் கேட்பதற்கு முன்பே என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"படம் மட்டும்தான் என்னுது, பேரும் பேச்சும் பொய்ன்னு சொல்ல வேண்டியதுதானே அக்கா?"

"முதல்ல கோபமாத்தான் வந்துச்சு. சொல்லிடணும்னுதான் கீழே போனேன். எல்லாரும் நின்னு பேசினாங்க. பன்னெண்டு வருஷமா இங்க இருக்கேன், ஒருத்தரும் என்னை எதுவும் கேட்டதில்ல. காலேஜ் பிள்ளைங்க வந்து, எப்படிச் செஞ்சீங்க அக்கான்னு கேக்குதுங்க. நாலு நாள் அப்படியே இருக்கட்டும்னு நினைச்சேன்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"உன்கிட்டயா? நீ சிரிச்சிருப்பே."

அவள் கையைக் கழுவிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். கடைகண்ணியில் சரளமாக வரும் இந்தி அன்று அவளுக்கு வரவில்லை. தட்டுத்தடுமாறி எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். அந்த அம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "சேரட்டுமா என்று உன்னிடம் வந்து கேட்டேனே, அப்போதும் இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் அக்கா.

அவர் சத்தம் போடவில்லை. கதவை மெல்லச் சாத்திக்கொண்டார்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அந்த இணையதளத்துக்கு நான் மின்னஞ்சல் அனுப்பினேன். வெற்றியின் முதல் படியில் கால் வைத்ததற்கு வாழ்த்து தெரிவித்து, இயந்திரம் அனுப்பும் பதில் ஒன்று உடனே வந்தது. கோந்த்வாவில் இருந்த அவர்கள் அலுவலகத்தைத் தேடி நானும் அக்காவும் போனோம். காலி செய்துவிட்டார்கள் என்றார் காவலாளி. எதிர்வீட்டம்மாள் கட்டிய பணத்தை என் சம்பளத்திலிருந்து நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் மறுத்தார்; மகளுக்காக வாங்கிக்கொண்டார். அக்காவோடு மட்டும் பேசவில்லை. பால் வாங்கப் போகும்போது, எதிர்க்கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அக்கா கொஞ்சம் பொறுத்துத்தான் இறங்குவாள். இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. பிறகு அத்தானுக்கு ஜபல்பூருக்கு மாற்றல் வந்தது. சாமான் ஏற்றிய அன்றும் அந்தக் கதவு திறக்கவில்லை.

அக்காவின் படம் இருந்த அந்த இணையப் பக்கத்தை நான் அவ்வப்போது திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அது இல்லை. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"சரி" என்றாள். பிறகு, "அந்த எதிர்வீட்டுப் பொண்ணு காலேஜ் முடிச்சுட்டாளா?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.