பலாச்சுளையில் ஓர் அறை

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம், அத்தை தன் கணவர் வீட்டிலிருந்து காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார். கிணற்றடியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு பிசகிவிட்டதாம், குணமானதும் திரும்பிவிடுவாராம். அத்தையும் அப்படித்தான் சொன்னார்.

சும்மா உட்காரத் தெரியாதவர் அவர். ரொட்டி சுற்றி வரும் தாளில் இடது கையாலேயே எனக்குப் படம் போடுவார். எல்லாம் வீடுகள், எல்லாம் தின்பண்டங்கள். ரொட்டி என்றால் கடைவீட்டு வரிசை, துண்டுக்கொரு குடும்பம். இடியாப்பச் சந்துகளில் சைக்கிள்காரர்கள் வழிதவறி நிற்பார்கள். ஆப்பத்தின் நடுவே ஒரு திடல், அதில் புதுக் கொடி. பசியோடு பார்த்தால் ஊரையே தின்றுவிடலாம் போலிருக்கும்.

அவற்றில் பெரியது பலாப்பழம். சுளைக்கு ஓர் அறை: அப்பாவுக்கு, அம்மாவுக்கு, எனக்கு. எங்கள் கோழிகளுக்குக்கூட ஒன்று உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தையை அழைத்துப்போக மூவாரிலிருந்து மாமா வந்தார், கையில் பிஸ்கட் டின்னோடு. அப்பா அவரை உபசரித்து உட்காரவைத்துவிட்டு, அத்தையைப் பெட்டி கட்டச் சொன்னார். அத்தை தலையைக் குனிந்தபடி உள்ளே போனார். விருந்தாளிக்குக் காட்ட என்னிடம் இருந்த நல்ல பொருள் அந்தப் பலாப்பழம்தான். கொண்டுவந்து விரித்தேன்.

மாமா சிரித்தார். "எனக்கு எந்த ரூமு, பாப்பா?"

தேடிப் பார்த்தேன். "உங்களுக்கு இல்ல மாமா."

"ஒங்க அத்தைக்கு?"

நடுவிலிருந்த சின்னச் சுளையைக் காட்டினேன். "இதுதான். உள்பக்கமா தாப்பா இருக்கு பாருங்க. அப்பதான் யாரும் வந்து அடிக்க முடியாதுன்னு அத்தை சொன்னாங்க."

அப்பா எழுந்து உள்ளே போனார். அத்தையின் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளியே வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"மச்சான், தேத்தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க. தங்கச்சி இங்கயே இருக்கட்டும்."

"சின்னப்புள்ள பேச்சக் கேட்டா முடிவு பண்றீங்க?"

"சின்னப்புள்ளைக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாம போச்சே, மச்சான்."

மாமா தேநீரைத் தொடாமலே போய்விட்டார்.

எனக்கு மனசே கேட்கவில்லை. தனக்கு இடமில்லை என்று கோபித்துக்கொண்டல்லவா போகிறார்! "இவ்வளவு சுளை இருக்கே அத்தை, மாமாவுக்கு ஒன்னு குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். படத்தைக் குறை சொல்லிவிட்டேன் என்று நினைத்து, நான் அவசரமாகச் சொன்னேன்: "நல்லாத்தான் இருக்கு அத்தை. ரொம்ப நல்லாயிருக்கு."