அக்டோபரில் இறங்கிய கட்டில்கள்

ஆல்டோ கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். வயது ஐம்பத்தாறு. ஐக்கிய அரபு நாட்டின் புஜைரா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி, கூட வரும் காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பது அவர் வேலை. காகிதத்தில் நானூறு என்று போட்டிருந்தால் உடனே நம்ப மாட்டார். பெட்டியைத் திறக்கச் சொல்வார். கடையில் தக்காளி வாங்கினாலும் அடியில் கைவிட்டுப் பார்ப்பார். "பூசையில ஃபாதர் தர்ற நற்கருணையத் திருப்பிப் பாக்காம வாங்குறதே பெரிய காரியம்" என்பாள் அவர் மனைவி அருள்செல்வி. அவளும் புஜைராவில்தான், ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்.

சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆல்டோ போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துச் செய்தி பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருபது வருடத்துக்கு முன் இந்தப் பக்கம் நடந்த ஒரு போரைப் பற்றி, அதற்குப் படை அனுப்பிய நாடு ஒன்றில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. எந்த நாடு என்று என்னிடம் சொன்னார். எழுத வேண்டாம் என்றும் சொன்னார். அன்று சாட்சி சொன்னவர் அந்த நாட்டின் முன்னாள் பிரதமர். நரைத்த தலை, நிதானமான குரல்.

"ஜனவரி கடைசி வரை போர் என்று நாங்கள் முடிவு செய்யவே இல்லை" என்றார் அவர்.

கேள்வி கேட்ட வக்கீல் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். ஆல்டோவின் கை சோற்றிலேயே நின்றது.

அந்தச் சமயம் அவர் வளைகுடாவின் வேறொரு துறைமுகத்தில் இதே வேலையில் இருந்தார். போர் தொடங்கியது பிப்ரவரியில். அதற்கு முந்தைய அக்டோபரில், அந்த நாட்டுக் கொடி ஒட்டிய கன்டெய்னர்கள் ஆறு இறங்கின. காகிதத்தில் 'பயிற்சி முகாம் சாமான்' என்று இருந்தது. அவர் வழக்கம்போலத் திறந்து பார்த்தார். ஐந்தில் மடக்குக் கட்டில்கள், காயம்பட்டவர்களைத் தூக்கும் வகை. ஆறாவதில் மூடிய பெட்டிகள். ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார். கறுப்பு ரப்பர் பைகள், ஆள் நீளத்துக்கு, முழுக்க ஜிப் வைத்தவை.

இதை அருள்செல்வியிடம் சொன்னார். அவள் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க ஆஸ்பத்திரியிலயும் பொணத்தைச் சுத்துற துணி முன்கூட்டியே வாங்கி வைக்கோம். யாரையும் கொல்லணும்னு முடிவு பண்ணியா வாங்குறோம்?"

"எத்தனை வாங்குவீங்க?"

"இருபது, முப்பது."

"நான் எண்ணினது ரெண்டாயிரம்."

 ஆனாலும் அருள்செல்வி சொன்னது அவரை அரித்தது. அந்த மனிதர் பொய்தான் சொன்னாரா? முன்னெச்சரிக்கையாக வாங்கியிருக்கலாமோ? அதைவிட அந்த வக்கீல் மேல்தான் சந்தேகம் வலுத்தது. துறைமுகக் காகிதம் எங்கே என்று ஏன் கேட்கவில்லை?

இன்னொன்றும் அவரைத் தூங்க விடவில்லை. பிரதமர் சொன்ன அதே வார்த்தையை அவரும் ஒரு ஆளிடம் சொல்லியிருந்தார்.

பரமக்குடிப் பக்கத்து பாலகுரு அப்போது அந்தப் பழைய துறைமுகத்தில் லாரி டிரைவர். ஜனவரியில் ஒரு நாள் வந்து கேட்டான். "அண்ணே, சண்டை வருமா? லீவு போட்டு ஊருக்குப் போயிரவா?" டிரைவர்கள் ஓடிவிடக்கூடாது, வாயைத் திறக்காதே என்று சூப்பர்வைசர் ஆல்டோவை ஏற்கெனவே மிரட்டியிருந்தார். "ஒண்ணும் வராதுடே. முடிவே ஆகல்ல" என்றார் ஆல்டோ. பாலகுரு லீவு கேட்கவில்லை. போர் தொடங்கிய இரண்டாம் வாரம், அவன் லாரிக்கு முன்னால் போன டேங்கர் வெடித்தது. கண்ணாடி சிதறி அவனுக்கு இடது கண் போயிற்று. இப்போது சவூதியின் ஜுபைலில் ஒரு தொழிலாளர் கேம்ப் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறான்.

விசாரணைக்கு யார் வேண்டுமானாலும் வாக்குமூலம் அனுப்பலாம் என்று செய்தியில் போட்டிருந்தது. ஆல்டோ டைப்பிங் சென்டருக்குப் போனார். அங்கே ராஜிக் என்ற இலங்கை அக்கரைப்பற்றுக்காரர் விசா விண்ணப்பங்கள் அடித்துக் கொடுப்பார். தமிழில் சொன்னால் நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருவார்.

"அண்ணன், எங்கட நாட்டில எத்தின விசாரணை ஆணைக்குழு பாத்திட்டம்" என்றார் ராஜிக். "பெரிய ஆக்கள் வந்து கதிரையில இருப்பாங்க, தண்ணி குடிப்பாங்க, ஞாபகம் இல்ல எண்டு சொல்லுவாங்க. அறிக்கை வரும். வாசிக்க ஒருத்தரும் இரிக்க மாட்டாங்க."

"நீங்க அடிங்க."

கடைசிப் பத்தியில் ஆல்டோ, பாலகுருவிடம் தான் சொன்ன பொய்யையும் சேர்க்கச் சொன்னார். ராஜிக் விரலை எடுத்துவிட்டார். "இது வேணாம். நீங்களே பொய்க்காரன் எண்டு தள்ளிருவாங்க."

"இருக்கட்டும். ஆனா அவன் பேரு வருது. அவன்கிட்டக் கேட்டுட்டு வாறேன்."

வெளியே போய் ஜுபைலுக்குப் போன் போட்டார். அக்டோபர் கன்டெய்னர், கட்டில், சூப்பர்வைசர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அந்தக் கட்டில ஏத்திட்டுப் போனது என் வண்டிதாண்ணே" என்றான் பாலகுரு.

"என்னடே சொல்லுத?"

"இறக்கும்போது பாத்தேன். அந்த நெனப்பு போகாமத்தான் ஜனவரியில உங்ககிட்ட வந்து கேட்டேன். புதுசா வேலைக்கு வந்திருந்தேன், போக மனசில்ல. யாராச்சும் வராதுன்னு சொன்னா போதும்னு இருந்துச்சு. நீங்க சொன்னீங்க."

ஆல்டோவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பாலகுரு நிறுத்தவில்லை.

"ஆனா பையி இருந்தது எனக்குத் தெரியாது. அது மூடுன பெட்டி. அதை அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்."

 மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தும் வரவில்லை என்று ஆல்டோ பின்னால் என்னிடம் சொன்னார்.

"என் பேரையும் போடுங்க. நானும் கையெழுத்துப் போடுதேன்" என்று சொல்லிப் பாலகுரு போனை வைத்தான்.

இரண்டு பேர் கையெழுத்தோடு வாக்குமூலம் போயிற்று. கிடைத்தது என்று ஒரு எண் போட்டு பதில் வந்தது. யாரும் அவர்களைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து அறிக்கை வந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களில், அவர்களைப் பற்றி இருந்ததை ராஜிக்தான் தேடிக் கண்டுபிடித்தார்: 'துறைமுகத் தொழிலாளர் இருவரின் கூற்று ஆவணங்களால் உறுதிப்படவில்லை. முன்னாள் பிரதமர் தமக்கு நினைவிருந்ததை நேர்மையாகவே கூறினார்.'

"நான் சொன்னன்தானே" என்றார் ராஜிக். அவர் முகத்தில் சந்தோஷமில்லை.

"ஆவணம் இல்லையா, இவங்க தேடலையா?" என்று கேட்டார் ஆல்டோ. "கப்பல் பேரு குடுத்தோம், மாசம் குடுத்தோம். துறைமுகத்துக்கு ஒரு கடிதம் போட்டாங்களா? அதைக் கேட்டு எழுதுங்க."

அந்தக் கேள்வி மட்டும் ஒரே வரியில் போயிற்று. நான்கு மாதமாகிறது. கேட்டோம் என்றும் பதில் இல்லை, கேட்கவில்லை என்றும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பாலகுரு ஜுபைலிலிருந்து கூப்பிடுகிறான்; இருபது வருடத்தில் அவனாகக் கூப்பிட்டதில்லை. ஏதாவது வந்துச்சாண்ணே என்கிறான். இல்லடே என்கிறார் ஆல்டோ. மறுபடி எழுதுங்க என்கிறான் அவன்.