சீர்த்தட்டில் வந்த ஃபில்டர்

பொங்கல் சீர் என்றால் எங்கள் பக்கத்தில் பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, எனக்கொரு சேலை, என் வீட்டுக்காரருக்கொரு வேட்டி. என் அண்ணன் கொண்டுவந்த தாம்பாளத்தில் இதெல்லாம் இருந்தது. நடுவில், தேங்காய் இருக்க வேண்டிய இடத்தில், சிவப்பாக ஒரு ஏர் ஃபில்டர் இருந்தது. நாலு மூலையிலும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருந்தார். எஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டும் சாமானுக்குப் பொட்டு வைத்துச் சீராகக் கொண்டுவந்த ஆள் இந்த ஜில்லாவிலேயே என் அண்ணன் ஒருவராகத்தான் இருக்கும்.

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. நாலு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் எங்கள் வாசற்படி ஏறியிருந்தார்.

அந்த நாலு வருஷக் கதையைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கே எரிச்சல் வரும். அண்ணன் தேனியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். புது வீடு கட்டிப் பால் காய்ச்சும்போது, தங்கை வீட்டுக்காரரை நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காமல், பத்திரிகையைப் படம் பிடித்து ஃபோனில் அனுப்பிவிட்டார். நேரிலும் வருவதாகத்தான் இருந்தாராம், வேலை மும்முரத்தில் விட்டுப்போனதாம். என் வீட்டுக்காரர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஊருக்கெல்லாம் அனுப்புன மாதிரி எனக்கும் ஒண்ணு தட்டி விட்டுருக்காக ஒங்கண்ணன்" என்றார். போகவில்லை. என்னையும் போக விடவில்லை. அண்ணனுக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. தங்கச்சி கூட வரவில்லையே என்று அவரும் காலை எடுத்து வைக்கவில்லை. இரண்டு ஆம்பளைகளின் ரோஷத்துக்கு நான் பிறந்த வீடு இல்லாதவளாகிப் போனேன்.

இத்தனைக்கும் தினமும் விடியற்காலையில் அண்ணன் கடையைத் தாண்டித்தான் போவேன். சின்னமனூருக்குப் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாக எங்களுக்கு வாழைத் தோட்டம். இலை அறுத்துக் கட்டுக் கட்டி, எங்கள் பிக்கப் வண்டியில் ஏற்றித் தேனி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவது நான். என் வீட்டுக்காரர் ஒருகாலத்தில் ஓட்டப் பழகினார். மோட்டார் ரூம் சுவரில் முட்டியதோடு விட்டுவிட்டார். அவருக்கு வண்டி ஓட்ட வராது, வண்டியைப் பற்றிப் பேச வரும். அண்ணன் கடை முன்னால் வேகத்தைக் குறைப்பேன், ஆனால் நிறுத்த மாட்டேன்.

போன பொங்கலுக்குச் சில நாள் முன்னால், சொல்லி வைத்த மாதிரி அந்தக் கடைக்கு எதிரிலேயே வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டது. அண்ணன் இறங்கி வந்தார். பானட்டைத் திறந்து, ஃபில்டரை உருவி, தரையில் தட்டினார். எங்கள் வாய்க்கால் கரைப் புழுதி ஒரு கைப்பிடி கொட்டியது. திரும்ப மாட்டி, வண்டியைத் தள்ளியும் விட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பொங்கலன்று தாம்பாளத்தோடு வந்து நின்றார்.

நான் சீரை வாங்கி வைத்த கையோடு அண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டு அந்தச் சிவப்பு ஃபில்டரை மாட்டியும் விட்டார்.

"பேப்பர் ஃபில்டரு மூச்ச அடைக்கும் மாப்ள. இது பஞ்சுத் துணி, எண்ணெய் போட்டது. காத்து தாராளமா போகும், வண்டி நல்லா இழுக்கும். தூக்கி எறியவே வேண்டாம், கழுவிக் கழுவி மாட்டலாம். ஆனா நீங்க யாரும் கை வச்சுராதீக. மாசத்துக்கு ஒருக்கா நானே வந்து கழுவித் தாரேன்."

"அப்படியா மச்சான், ரொம்ப நல்லது" என்று என் வீட்டுக்காரர் தலையாட்டினார்.

அண்ணன் தெரு முனை திரும்பியதும் இவர் என்னிடம் ஆரம்பித்தார். "காத்து தாராளமாப் போனா தூசியும் தாராளமாத்தான போகும்? நம்ம புழுதிக்கு பேப்பர்தான் சரி. கறுத்துச்சா, எறிஞ்சமா, புதுசு மாட்டுனமான்னு போயிக்கிட்டு இருக்கணும்."

"இத எங்கண்ணங்கிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சீரக் குறை சொல்லச் சொல்றியா? சொன்னா இன்னொரு நாலு வருசம் ஆகும் ஒங்கண்ணன் வர."

அதுவும் உண்மைதான். அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன். வண்டியை ஓட்டுகிறவள் என்ன நினைக்கிறாள் என்று இரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டிருந்தால், இழுவை கூடியதோ இல்லையோ சத்தம் கூடியிருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கழுவல் திருவிழா ஆரம்பமாயிற்று. அண்ணன் காலையிலேயே வந்துவிடுவார். ஃபில்டருக்கென்று ஒரு மருந்தைத் தெளித்து ஊறப்போடுவார். பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து, உள்பக்கமிருந்து வெளிப்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விடுவார். வெயிலில் வைக்கக் கூடாது, சூடு காட்டக் கூடாது, நிழலில்தான் காய வேண்டும். காய்வதற்குச் சாயங்காலம் ஆகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மடிப்பிலும் மெலிதாக எண்ணெய் விட வேண்டும். அது வரைக்கும் அவர் எங்கே போவார்? இங்கேதான் இருப்பார். இவர்கள் இரண்டு பேரும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அணையில் தண்ணீர் எப்போது திறப்பான், இந்த வருஷம் காற்று வாழையைச் சாய்க்குமா சாய்க்காதா என்று பேசிக்கொண்டிருப்பார்கள். ஒரு ஃபில்டர் காய்வதற்கு நான் கோழி அடித்துக் குழம்பு வைக்க வேண்டும். ஊர் உலகத்தில் எங்காவது உண்டா இந்தக் கூத்து?

கோழியோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. ஆனி மாதக் காற்று ஆரம்பித்தது. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தக் காற்று அடித்தால் சோற்றில் மண் விழும், கண்ணைத் திறக்க முடியாது. அண்ணன் வரவேண்டிய ஞாயிற்றுக்கு இன்னும் நாள் இருந்தது. என் வீட்டுக்காரர் ஃபில்டரை எடுத்துப் பார்த்திருக்கிறார். சிவப்பு வெளுத்துப் போயிருந்திருக்கிறது. கை வைக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தாரே, அது ஞாபகம் வரவில்லை. மச்சான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாகக் கஞ்சத்தனமாக விடுகிறார், அதனால்தான் வெளுக்கிறது என்று தோன்றியிருக்கிறது. வீட்டில் செக்கில் ஆட்டிய விளக்கெண்ணெய் இருந்தது. பச்சைப்பிள்ளைக்கு உச்சியில் வைத்துத் தேய்ப்பதுபோல மடிப்பு மடிப்பாகத் தேய்த்துவிட்டு, சத்தம் போடாமல் மாட்டி வைத்துவிட்டார்.

மறுநாள் வீரபாண்டி தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி முக்கியது, நகரவில்லை. பின்னால் கரும்புகை. ரோட்டோர ஒர்க்‌ஷாப் ஆள் எழுந்து, பல் விளக்கி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் நன்றாக விடிந்துவிட்டது. காற்றில் இலை ஓரமெல்லாம் சுருண்டு போயிற்று. கல்யாண வீட்டுக்குச் சொல்லியிருந்த கட்டு அது. அவர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள்.

ஒர்க்‌ஷாப்காரர் ஃபில்டரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். எண்ணெய் சொட்டியது.

"இதக் குளிப்பாட்டுனது யாருக்கா?"

எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டு, காற்றை அளக்கிற சென்சாரில் போய் ஒட்டிக்கொண்டதாம். அதைத் துடைத்து விட்டு, ஒரு சாதாரண பேப்பர் ஃபில்டரை மாட்டிக் கொடுத்தார். "நீங்க போற ரோட்டுக்கு இதுவே போதும்க்கா" என்றார். வண்டி சத்தமில்லாமல், சமர்த்தாக வீடு வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து கத்தித் தீர்த்தேன். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "செக்கு எண்ணெயாச்சே, அதுல என்ன கெடுதல் வரப்போகுதுன்னு நெனச்சேன்." அதோடு தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

இனி சிவப்பு ஃபில்டரை மாட்ட எனக்குத் தைரியம் இல்லை. விளக்கெண்ணெய் போகக் கழுவிப் பீரோவுக்கு மேலே வைத்தேன். எடுத்து வைத்துவிட்டேன் என்று அண்ணனிடம் சொல்லவும் தைரியம் இல்லை. ஃபோனில் வந்த பத்திரிகைக்கே நாலு வருஷம் போனது. பொட்டு வைத்துக் கொண்டுவந்த சீரைக் கழற்றிப் போட்டேன் என்றால் எத்தனை வருஷம் போகுமோ? எனக்கு இருப்பது ஒரே அண்ணன்.

அதனால் நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு வேலை செய்தோம். அண்ணன் வரும் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பேப்பரை எடுத்து ஒளித்துவிட்டுச் சிவப்பு ஃபில்டரை மாட்டுவது. மாட்டினால் போதுமா? ஒரு மாதம் ஓடிய ஃபில்டர் பளிச்சென்று இருந்தால் சந்தேகம் வராதா? ஆகவே என் வீட்டுக்காரர் வாய்க்கால் கரையில் புழுதி அள்ளி முறத்தில் சலித்துக் கொண்டு வருவார். நான் ஃபில்டரைப் பிடித்துக்கொள்வேன், அவர் தூவுவார். சுத்தமாக இருக்கிற சாமானை அழுக்காக்கி, அந்த அழுக்கைக் கழுவ ஒரு ஆளை வரவழைத்து, அவருக்குக் கோழியும் அடிக்கிறோமே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

அண்ணன் வந்து அதை உருவிப் பார்ப்பார். "பாத்தியா ஆத்தா, எம்புட்டு அழுக்கப் புடிச்சு வச்சிருக்கு? பேப்பரா இருந்தா இந்நேரம் நாறிப் போயிருக்கும்" என்பார். "ஆமாண்ணே" என்பேன். என் வீட்டுக்காரர் வேறு, "மச்சான் கைராசி" என்பார். எனக்கு வருகிற கோபத்துக்கு முறத்தாலேயே இருவரையும் ஒரு போடு போடலாம்.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோது, ஆவணிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இலை இறக்கிவிட்டு வந்து வண்டியை நிறுத்திவிட்டு அடுப்படியில் இருந்தேன். வாசலில் அண்ணன் குரல். சின்னமனூரில் ஒரு ஆளைப் பார்க்க வந்தாராம், அப்படியே எட்டிப் பார்த்தாராம். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வெளியே வந்தால் பானட் திறந்திருக்கிறது. அண்ணன் கையில் பேப்பர் ஃபில்டர்.

காப்பியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஃபில்டரை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எப்ப இருந்து ஆத்தா?"

"ஆனியில இருந்து."

"அப்பொறம் மாசா மாசம் நான் கழுவுனது?"

ஒளித்து ஒளித்து எனக்கும் அலுத்துவிட்டது. விளக்கெண்ணெய், கரும்புகை, முறத்துப் புழுதி என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு அண்ணன் படி இறங்கிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அண்ணன் ஃபில்டரைப் பெட்டியில் வைத்து மூடி, கிளிப்பை மாட்டினார்.

"நல்ல ஃபில்டருதான். என் வண்டியிலயும் பேப்பருதான் ஓடுது" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பொறம் என்ன மயித்துக்குண்ணே அந்தச் செவப்பக் கொண்டாந்து எங்க உசுர வாங்குன?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தார்.

"பேப்பரு கறுத்தா நீங்களே தூக்கி எறிஞ்சுருவீக ஆத்தா. எறியிறதுக்கு என்னைய எதுக்குக் கூப்புடப் போறீக? நாலு வருசம் வராதவன், இங்கன வந்து போக எனக்கு ஒரு சோலி வேணும்ல."

எனக்கு அழுகை வந்தது, அதை விடக் கோபம் வந்தது. கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வர சோலி வேண்டுமா, சும்மா வந்தால் சோறு போட மாட்டேனா என்று கத்தியிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால் வந்து நிற்பது தெரிந்தது. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. உள்ளே போனார். பீரோவுக்கு மேலே வைத்திருந்த சிவப்பு ஃபில்டரையும் தொட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தார். போன ஞாயிறு கழுவிக் காயவைத்து எடுத்து வைத்தது. அதில் ஒரு பொட்டுத் தூசி இல்லை.

"மச்சான், கழுவிருவமா?" என்றார்.

அண்ணன் அவரைப் பார்த்தார். அப்புறம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இவர் குழாயைத் திறந்து விட்டார்.

"காய எம்புட்டு நேரமாகும்?" என்று கேட்டேன்.

"சாயங்காலம் ஆயிரும்" என்று சொன்னது என் வீட்டுக்காரர்.

நான் ஆறிப்போன காப்பியைக் கொட்டிவிட்டு, உலையில் கூட ஒரு ஆழாக்கு அரிசி போடப் போனேன்.