இரண்டு வால்

கிருபைராஜுக்கு வேலை தொழிற்சாலையில் தரம் பார்ப்பது. அமெரிக்காவின் லிவர்மோர் ஊரில் நடக்கும் மாடல் விமானப் போட்டிக்கு அவர் நடுவராக வந்தாலே எல்லோரும் தங்கள் விமானத்தை இன்னொரு தடவை அளந்து பார்ப்பார்கள். அன்று விஷாகா செய்த ஜெர்மானியப் போர் விமானத்தில் டார்ச் அடித்தவர் சீறினார்.

"மெஸ்ஸர்ஷ்மிட் ஜி-6க்கு வால் இவ்ளோ உயரமா? ரிஜெக்ட்!"

"பின்னாடி வந்ததுல வாலை மரத்துல செஞ்சு உயரமா வெச்சாங்க, அங்கிள். அதுவும் ஜி-6தான்."

"ஒரே பேருக்கு ரெண்டு வாலா? கதை விடாத!"

விஷாகா அவர் சட்டையைக் காட்டினாள்.

"பேட்ஜ்ல ஞானமுத்து கே.ன்னு இருக்கு. நடுவர் லிஸ்ட்ல கிருபைராஜ் ஜி. ரெண்டுமே நீங்கதானே, அங்கிள்?"

பாஸ்போர்ட்டில் அப்பா பேரும் தன் பேரும் இடம் மாறியதால், பதினெட்டு வருடமாக ஒவ்வொரு கவுன்டரிலும் "ரெண்டும் நான்தான்" என்று கத்திக்கொண்டிருந்தவர், டார்ச்சை அணைத்தார்.